அந்த வீட்டில் ஒலிக்கக் கூடாத ஆல்பம்

1993 ஆகஸ்டில் ஆராய்ச்சிப் படிப்புக்காக கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனேன். அங்கே வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள ஒரு அறைத்தோழன் கிடைத்தான். வார இறுதிகளில் கில்மன் தெரு 924ஆம் எண்ணில் உள்ள இசை அரங்கின் வாசலில் நின்று, வருகிறவர்களின் கையில் முத்திரை குத்துவது அவன் வேலை. சம்பளம் கிடையாது. அங்கே யாருக்குமே கிடையாது.

அது பழைய கிடங்கு. 1986இன் கடைசி நாள் இரவில் அரங்காகத் திறக்கப்பட்டது. மது இல்லை, போதைப்பொருள் இல்லை, அடிதடி இல்லை, இனவெறி இல்லை என்று விதிகளைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரலாம். என்னை அவன் ஒருமுறை அழைத்துப் போனான். இரண்டு நாள் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் உடனே நான்கு கைகள் தூக்கிவிட்டதைப் பார்த்தேன். அதற்காகவே அந்த இடத்தை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இன்னொரு விதியும் இருந்தது. பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு அங்கே மேடை கிடையாது. கிரீன் டே அந்த அரங்கில் வளர்ந்த, மூன்று பேர் கொண்ட பங்க் ராக் இசைக்குழு. அவர்களுடைய முதல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது லுக்கவுட் என்ற உள்ளூர்ச் சிறு நிறுவனம். 1993இல் அவர்கள் ரெப்ரைஸ் என்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்ததும் கதவு மூடிக்கொண்டது. "விலைபோய்விட்டார்கள்" என்றான் தோழன். அதைச் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரிதான் சொன்னான். 1994 பிப்ரவரியில் அவர்களுடைய அடுத்த ஆல்பம் 'டூக்கி' வெளிவந்தபோது, நம் வீட்டில் அது ஒலிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சரி என்றேன். எனக்கு அப்போது அதில் அக்கறை இல்லை.

அக்கறை வந்தது இலையுதிர்காலத்தில். தகுதித் தேர்வு நெருங்கிய நாட்கள் அவை. ஒருநாள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை விரல்கள் மரத்துப்போயின. உயிர் போகப்போகிறது என்று நிச்சயமாக நம்பினேன். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி வந்தது, அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. யாரிடம் சொல்வது? ஊருக்குத் தொலைபேசியில் பேச நிமிடத்துக்கு இத்தனை டாலர் என்று கணக்குப் பார்த்த காலம். அம்மாவிடம் சொன்னால் அவர் சாப்பாட்டை விட்டுவிடுவார். பைத்தியம் பிடிக்கிறது என்றே முடிவு செய்து, வாயைத் திறக்காமல் இருந்தேன்.

டெலிகிராஃப் அவென்யூவில் ஒரு இசைத்தட்டுக் கடைக்குள் மழைக்கு ஒதுங்கியபோது 'டூக்கி'யில் உள்ள 'பாஸ்கெட் கேஸ்' பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் குரலும் கிடாரும் மட்டும். தன் தலைக்குள் என்னவோ நடக்கிறது, பைத்தியமாகிறேனா என்று ஒருவன் கேட்கிறான். பிறகு டிரம்ஸ் வந்து சேர்ந்ததும் அந்தப் பயம் முழுவதும் ஓட்டமாக மாறிவிடுகிறது. நின்ற இடத்திலேயே நின்றேன். குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் தன்னுடைய பீதித் தாக்குதல்களைத்தான் பாடலாக்கினார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அன்றைக்கு அது தெரிந்திருக்கத் தேவையில்லை. எனக்கு வருவது இன்னொருவருக்கும் வருகிறது, அவர் அதை உரக்கச் சொல்கிறார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த வாரமே மருத்துவரிடம் போனேன்.

குறுந்தகட்டை வாங்கி, சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, இரவில் ஹெட்ஃபோனில் கேட்டேன். உறையில் இருந்த ஓவியம் குண்டுகள் விழும் டெலிகிராஃப் அவென்யூதான், நான் தினமும் நடக்கிற தெரு. ரிச்சி பூச்சர் வரைந்தது. ஆல்பம் பதிவானதும் பெர்க்லியிலேயே, ஃபேன்டஸி ஸ்டூடியோவில். தயாரிப்பாளர் ராப் கவல்லோவோடு சுமார் மூன்றே வாரத்தில் முடித்தார்கள். முதல் ஒலிக்கலவை பிடிக்காமல், ஜெர்ரி ஃபின்னோடு உட்கார்ந்து மறுபடி கலந்தார்கள். பதிவின்போது மூவரில் ஒருவருக்கும் 22 வயது ஆகியிருக்கவில்லை. 'லாங்வியூ' பாட்டில் மைக் டர்ன்ட்டின் பேஸ் கிடார் சோம்பலாக உருண்டு வரும் அந்தத் தொடக்கத்தை மட்டும் எத்தனை முறை கேட்டிருப்பேன்! கடைசிப் பாடல் முடிந்து கொஞ்ச நேரம் மௌனம். தூங்கப்போகும் வேளையில் டிரம்மர் டிரே கூல் தனியாகக் கிடாரோடு பாடத் தொடங்குவார். உறையில் பெயர் இல்லாத பாடல் அது. முதல் தடவை தூக்கிவாரிப்போட்டது.

'வெல்கம் டு பாரடைஸ்' முந்தைய ஆல்பத்திலேயே இருந்த பாட்டு. தோழன் அந்தப் பழைய பதிவை இசைத்தட்டில் வைத்திருந்தான், அடிக்கடி போடுவான். பக்கத்து அறையில் அது கேட்கும்போது என் காதில் புதிய பதிவு. புதியதில் கிடாரின் ஒவ்வொரு வெட்டும் துலக்கமாக விழுகிறது. அதுதான் மேல் என்று எனக்கு இன்றும் உறுதி. ஆனால் அவன் இழந்தது ஒலியை அல்ல. கையில் முத்திரை குத்தி உள்ளே அனுப்பிய பையன்கள், இனி அந்த வாசலுக்கு வர முடியாதவர்களாகிவிட்டார்கள். அந்த ஆல்பம் உலகெங்கும் விற்று, 1995இல் கிராமி வாங்கியபோதும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வருத்தத்தை அற்பம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

2015 மே மாதம் கிரீன் டே மீண்டும் கில்மன் மேடையில் வாசித்தது. ஓக்லாந்தில் தீவிபத்தால் பாதிக்கப்பட்ட பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்டுவதற்காக. நான் அப்போது வேறு மாநிலத்தில் இருந்தேன். இரண்டு வாரம் கழித்துத் தோழனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நிகழ்ச்சியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"கடைசிப் பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் விட்டு டிரம்மர் பாடுகிறாரே, உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

தெரியும் என்று எழுதினேன். எந்த வருடத்திலிருந்து என்பதையும் எழுதினேன்.