கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் படம் கரைந்தது: நேரலையில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குடவாசல்காரன்

கும்பாபிஷேகம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஐபி கேமரா (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புவது), யாகசாலையில் ஒன்று, இரண்டும் ஓபிஎஸ்ஸில், அதாவது லேப்டாப்பில் நேரலை விடும் மென்பொருளில். முதல் நாள் ராத்திரி இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது.

காலையில் கடம் புறப்பட்டு வந்து, சிவாச்சாரியார் சாரத்தில் ஏறிக் குடத்தைச் சாய்க்கிறார். கீழே யாரோ "கருடன்! கருடன்!" என்று கத்த, கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியது. அவ்வளவுதான். படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாகி, தூக்கிய கைகள் எல்லாம் மெழுகு உருகுவது போல ஒழுகின. மேலே கலசம் மட்டும் நிற்கிறது, தண்ணீரைக் காணோம். ஆறேழு விநாடி கழித்துப் பளிச்சென்று சரியானபோது ஊற்றி முடித்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து மாமா போன் போட்டு, "ஏண்டா, கருடன் வந்துச்சாமே, எனக்கு மட்டும் ஏன் காட்டலை?" என்றார்.

ஓபிஎஸ் எழுதி வைக்கும் லாக்கைத் திறந்தால் 'மிஸ்டு பாக்கெட்ஸ்', அதாவது வழியில் தொலைந்த டேட்டாத் துண்டுகள், என்று வரிவரியாக. ஓபிஎஸ்ஸின் மீடியா சோர்ஸ், கேமராவின் ஆர்டிஎஸ்பி (நேரலை) முகவரியைக் கொடுத்ததும் முதலில் யுடிபி என்ற அனுப்பும் முறையில்தான் கேட்கும். அதில் விழுந்த பாக்கெட் விழுந்ததுதான், திரும்ப வராது. ராத்திரி கோபுரம் அசையாமல் நின்றது, கேமரா கொஞ்சமாக அனுப்பியது. ஆயிரம் கை ஒரே நேரத்தில் அசைந்ததும் டேட்டா பொங்கிவிட்டது. மண்டலாபிஷேக நிறைவுக்கு எஃப்எஃப்எம்பெக் ஆப்ஷன்ஸ் கட்டத்தில் ஆர்டிஎஸ்பி டிரான்ஸ்போர்ட்டை டிசிபி என்று மாற்றினேன், அது விழுந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கும். ஒரு கட்டம்கூட உடையவில்லை. ஆனால் அன்றைக்குக் கருடன் வரவில்லை.

மன்னை வயரிங்

குடவாசல் அண்ணே, டிசிபி போட்டதும் சரியாகிவிட்டது என்கிறீர்கள். எதிர்வீட்டு மாடிக்கும் உங்கள் லேப்டாப்புக்கும் நடுவில் பாக்கெட் எதற்கு விழ வேண்டும் என்று பார்த்தீர்களா? டிசிபி திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும், கோளாறு அப்படியேதான் இருக்கும்.

எனக்கு நடந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். தாலி கட்டும் கேமரா மட்டும் பச்சையும் ரோஸுமாகக் கட்டம் கட்டமாக உடைந்தது. கேமராவை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். கேபிள் டெஸ்டரைப் போட்டால் எட்டுக் கம்பிக்கும் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு அழகாக எரிகிறது. பந்தியில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. இலையை மூடிவிட்டு எழுந்து போய் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்தேன். நம் பையன் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடுக்கிக் கனெக்டரில் அழுத்திக் கிரிம்ப் பண்ணியிருக்கிறான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால் டெஸ்டர் பாஸ் போடுகிறது. ஆனால் கனெக்டரின் மூன்றாவது, ஆறாவது பின்களில் ஒரே ஜோடியாக முறுக்கிய இரண்டு கம்பிகள் இருக்க வேண்டும். நீலம் நடுவில் வந்து, பச்சை அதை இரண்டு பக்கமும் அணைத்திருக்க வேண்டும். இங்கே மூன்றில் பச்சை ஜோடியில் ஒரு கம்பி, ஆறில் நீல ஜோடியில் ஒரு கம்பி. லிங்க் வரும், சின்னச் சோதனையான பிங்கும் போகும், வீடியோ மட்டும் கிழியும். நான் வெட்டி மறுபடி அடித்து முடிப்பதற்குள் மாலை மாற்றுவதும் முடிந்துவிட்டது. பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குடந்தைப் பழைய கை

இரண்டு பேரும் பாதிதான் சொல்கிறீர்கள். 2017 ஆடி 18-க்குக் காவிரிப் படித்துறையில் கேமரா வைத்தேன். ஆற்றில் மணல்தான். படம் அருமை. அடுத்த வருஷம் மேட்டூரை ஜூலையிலேயே திறந்து, தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. அதே கேமரா, அதே கேபிள், அதே செட்டிங். திரை முழுக்கக் கந்தல். ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகிறது, எங்கிருந்து சுருக்கும்? முளைப்பாரியை விடுகிற பெண்களின் கை மட்டும் சதுரம் சதுரமாக மிதந்து போனது.

அதனால் தம்பிகளே, முதலில் கேமராவின் செட்டிங்குக்குள் போய் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் டேட்டா அளவை, கட்டுங்கள். வேரியபிள் (ஏறி இறங்குவது) என்று இருந்தால் கான்ஸ்டன்ட் (ஒரே அளவு) ஆக்குங்கள். 1080-க்கு நாலு எம்பிபிஎஸ் போதும், தண்ணீரைக் காட்டுவதாக இருந்தால் ஆறு. பிறகு யார் யார் அந்தக் கேமராவை இழுக்கிறார்கள் என்று பாருங்கள். கோவில் ஆபீஸில் பதிவுப் பெட்டியான என்விஆர் ஒன்று இழுக்கும், தர்மகர்த்தா செல்போனில் ஒன்று இழுப்பார், அவர் மச்சினர் திருப்பூரில் உட்கார்ந்து ஒன்று இழுப்பார், சின்னக் கேமரா மூச்சுத் திணறும். விழா நாளில் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். கேபிள் நூறு மீட்டருக்கு மேல் வேண்டாம். தாமிரம் பூசிய அலுமினியக் கம்பியை வாங்கவே வாங்காதீர்கள். சீரியல் செட் ஒயரோடு சேர்த்து டேப் சுற்றாதீர்கள். டிசிபிதான் மருந்து என்பவர்களுக்கு ஒன்று: கேபிளுக்குப் பதில் வைஃபை பிரிட்ஜில் டிசிபி போட்டால் படம் உடையாது, தேங்கும். ஒரு தடவை மேளக்காரர்கள் எழுந்து போன பிறகும் என் திரையில் தவில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓபிஎஸ்ஸில் ஹார்ட்வேர் டீகோடிங் (வீடியோவைக் கிராஃபிக்ஸ் சிப் விரிப்பது) டிக்கை எடுத்தும் ஒரு தடவை பாருங்கள், பழைய லேப்டாப்பில் அதுவே பச்சை அடிக்கும். விஎல்சி வழியாக இழுத்தால் நெட்வொர்க் கேச்சிங்கை…

மயிலாடுதுறை, சலங்கை அம்மா

சார், மச்சினர் வரை வந்துவிட்டீர்கள். போதும்.

எனக்குக் கேபிள், பாக்கெட் எதுவும் பிரச்சினை இல்லை. மகளின் அரங்கேற்றம். வீட்டுக்காரர் ஓபிஎஸ், நான் பக்கத்தில் நின்று "இப்போ கால், இப்போ முகம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முகத்துக்கு வைத்த கேமராவுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் நாலைந்து விநாடி சாம்பல் புகை, அதற்குள் ஒரு உருவம் நெளிகிறது, பிறகுதான் முகம். வர்ணத்தில் அவள் கண்ணைச் சாய்த்துப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது, ஆறு மாதம் பழகியது. அது புகையில் போய்விட்டது. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

பிறகு தெரிந்தது இது: அந்த சோர்ஸில் 'காட்டாதபோது மூடிவிடு' என்கிற டிக் போட்டிருந்தது. மாறும்போதெல்லாம் கேமராவோடு புதிதாக இணைகிறது. கேமராவில் ஸ்மார்ட் கோடெக் ஆன். சேமிப்பை மிச்சம் பிடிக்க அது முழுப் படத்தை, அதாவது ஐ-ஃபிரேமை, எப்போதோ ஒரு தடவைதான் அனுப்பும். நடுவில் வருவது எல்லாம் 'முந்தைய படத்திலிருந்து இவ்வளவு மாற்றம்' என்கிற குறிப்புதான். முந்தைய படமே இல்லாதவனுக்கு மாற்றத்தைச் சொன்னால் புகைதான் வரும். டிக்கை எடுத்தோம், ஸ்மார்ட் கோடெக்கை அணைத்தோம், விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடுவதால் ஐ-ஃபிரேம் இடைவெளியை 25 என்று வைத்தோம். இப்போது விநாடிக்கு ஒரு முழுப் படம்.

மன்னை வயரிங்

அக்கா சொல்வது சரி. குடவாசல் அண்ணனுக்கு ஆறேழு விநாடி கழித்துப் 'பளிச்' என்று வந்ததும் அடுத்த ஐ-ஃபிரேம்தான். ஒரு விநாடி என்று வைத்திருந்தால் கருடன் தப்பியிருக்கும்.

குடவாசல்காரன்

தம்பி, இதை மாமாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

பாபநாசத்திலிருந்து

சொல்லலாமா என்று யோசித்தேன். 2021, கொரோனா. அப்பா தவறிவிட்டார். அண்ணன் துபாயில், வர முடியவில்லை. வாசல் தூணில் திருட்டுக்குப் பயந்து மாட்டிய கேமரா ஒன்று இருந்தது. அதையே கூடத்துக்குத் திருப்பி, பக்கத்து வீட்டுப் பையன் ஓபிஎஸ்ஸில் போட்டுக் கொடுத்தான்.

வாய்க்கரிசி போடும்போது உடைந்தது. நாங்கள் எல்லோரும் கோடு கோடாக இழுபட்டோம். அம்மாவின் சேலை நிறம் சுவர் வரைக்கும் போயிற்று. எழுந்து போன சித்தப்பாவின் தோள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே நின்றது. அப்பா முகம் மட்டும் கலையவே இல்லை. அசையாத இடத்துக்குக் கேமரா புதிதாக எதையும் அனுப்பத் தேவையில்லை, அதனால் கெட்டுப்போக அங்கே ஒன்றும் வரவில்லை. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அண்ணன் அந்தப் பதிவை இன்னும் வைத்திருக்கிறார். போன வாரம்கூட, "நீதான் இதெல்லாம் பார்க்கிறியே, அந்த ரெண்டு நிமிஷத்தை எதிலாவது போட்டுச் சரிபண்ண முடியுமாடா?" என்று கேட்டார். ஓபிஎஸ்ஸுக்கே வராத பாக்கெட் பதிவில் எங்கே இருக்கும். பார்க்கிறேண்ணே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.