ஹட்டன் மழையில் பத்துமணிப்பூ தண்டு அழுகுது, என்ன செய்யலாம்?

கேள்வி: வெயில் நல்லா படுற பாத்தி. செம்மண்ணோட மாட்டெரு கலந்து நட்டது. ஜூன் மழைக்குத் தண்டு அடியில கறுத்துச் சாயுது. தப்பினதுலயும் இலைதான், பூ இல்லை.

பதில் 1: அக்கா, மலைச் செம்மண் தண்ணியைப் பிடிச்சு வைக்கும், அதான் அழுகல். பாத்தியை ஓரடி உயர்த்துங்க. ஆற்று மணல் 2 பங்கு, மண் 1, நல்லா மக்கின கூட்டெரு அரைப் பங்கு, கொஞ்சம் சின்னச் சல்லிக்கல். மாட்டெரு, யூரியா வேண்டாம். தழைச்சத்து கூடினா இலைதான் வரும். அழுகினதைப் பிடுங்கி எறிஞ்சிட்டு, நல்ல நுனியில 3 அங்குலம் வெட்டி, கீழ் இலையை உருவி, ஒரு நாள் நிழல்ல காய வைச்சு நடுங்க. மேல் மண் காய்ஞ்ச பிறகுதான் தண்ணி.

பதில் 2: மண் சரியா இருந்தாலும் மூடம் போட்ட நாள்ல பூ விரியாது, அதுக்கு மருந்தில்லை. குறைஞ்சது 6 மணிநேர நேர் வெயில் வேணும். உங்க பக்கம் தென்மேற்கு மழை மே முதல் செப்டெம்பர் வரை. டிசம்பர் வரை தொட்டியில வைச்சு இறவாணத்துக்குக் கீழ எடுங்க, ஜனவரியில பாத்திக்கு மாத்துங்க. பண்டாரவளை, வெலிமடைக்காரருக்குக் கணக்கு வேற: அங்க ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல வெயில்.

பதில் 3: நுவரெலியாவுல உறைபனி விழுற பள்ளத்துல பத்துமணிப்பூ கருகிடும். அங்க தென்னாபிரிக்க ஐஸ் பிளான்ட் (டெலோஸ்பெர்மா, தடிச்ச இலைப் பூச்செடி) மேல், குளிரையும் தாங்கும். வடிகால் மட்டும் அதுக்கும் கட்டாயம்.