பேசில்லஸ் வெளி டிஎன்ஏவை ஏற்க மறுக்கிறது: உதவி வேண்டும்

பெங்களூருவில் நுண்ணுயிரியல் ஆய்வில் ஈடுபட்டிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். எலகங்காவுக்கு அருகிலுள்ள ஓர் ஆய்வகத்தில், முதுகலைத் திட்டப்பணிக்காக, பேசில்லஸ் சப்டிலிஸ் 168 என்னும் பாக்டீரியா வகையில் வெளி டிஎன்ஏவைச் செலுத்த முயன்று மூன்று முறை தோற்றுவிட்டேன்.

செல்கள் நெருக்கமாகப் பெருகும்போது வெளியிடும் காம்எக்ஸ் என்னும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு), காம்பி, காம்ஏ புரதங்களின் வழியாகக் காம்எஸ் என்னும் சிறு புரதம் உருவாகத் தூண்டுகிறது என்பதும், அந்தக் காம்எஸ், மெக்ஏ என்னும் புரதம் பிடித்துக்கொடுப்பதால் சிதைக்கப்படும், டிஎன்ஏ ஏற்பைத் தொடங்கிவைக்கும் காம்கே புரதத்தை விடுவிக்கிறது என்பதும், விடுபட்ட காம்கே தன் மரபணுவையே மேலும் தூண்டிக்கொள்வதால் ஒரு சிறு பகுதிச் செல்கள் மட்டுமே, சூதாட்டம் போல, டிஎன்ஏவை ஏற்கும் நிலையை அடைகின்றன என்பதும் படித்தறிந்தவை. ஊட்டம் மிகுந்தால் காட்ஒய் புரதம் காம்கே மரபணுவை அடக்கிவிடுகிறது. நானோ வளர்ப்பு ஊடகத்தில் கேசமினோ அமிலத்தை (பால் புரதத்தைச் சிதைத்துப் பெறும் அமினோ அமிலக் கலவை) சற்றுத் தாராளமாகவே சேர்த்தேன் (சமையலிலும் என் கை அப்படித்தான்). பிழை அங்கேதான் என்று ஐயுறுகிறேன்.

இதைச் செய்து பழகியவர்கள் கேசமினோ அமிலத்தை எவ்வளவு சேர்க்கிறீர்கள், வளர்ச்சி தளரத் தொடங்கி எத்தனை நிமிடங்கள் கழித்து டிஎன்ஏவை இடுகிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாவேன். அடுத்த முயற்சி திங்கட்கிழமை.