பொங்கல் விடுமுறையில் குரங்கணி: மகளோடு மலையேறலாமா?

கீழமாசிவீதிக்காரன்
பொங்கல் முடிந்த கையோடு தேனி மாவட்டம் போடியை அடுத்த குரங்கணிப் பக்கம் மலையேறப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், மைத்துனர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள். யோசனையே அவளுடையதுதான். மைத்துனரோ, "கூடாரம் வாங்கிவிடலாம், உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்தால் மூணாறு பக்கம் மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை கூட்டிப்போவார், அனுமதியெல்லாம் எதற்கு?" என்கிறார். என் மனைவி 2018-ஐ நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறார். எனக்கு வயது 46, நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருப்பவன். போய்வர முடியுமா?

போடிப் பெரியவர்
தம்பி, வீட்டம்மா நினைவுபடுத்துவது நியாயம்தான். 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் பற்றிய காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தை மாதத்தில் பச்சையாகப் பனியில் நனைந்து கிடக்கும் புல், மாசிக் கடைசியில் கை பட்டாலே நொறுங்கும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதனால் மேட்டில் ஓட முடியாது. அதனால்தான் வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றத்தை நிறுத்திவைக்கிறது. பொங்கல் சமயம் நல்ல சமயம். மழை ஓய்ந்திருக்கும், அட்டைத் தொல்லையும் குறைவு.

அனுமதி இல்லாமல் மட்டும் காலடி வைக்காதீர்கள். 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டி உடன் வருவார். பகலிலேயே ஏறி இறங்குவதால் கூடாரத்துக்கு வேலையே இல்லை. டாப் ஸ்டேஷன் ஆசையை மறுநாள் போடிமெட்டு, மூணாறு வழியாக வண்டியில் போய்த் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கிருந்து கீழே இருக்கும் கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கின. அவற்றை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த மூணாறு ரயில் பாதையை 1924 வெள்ளம் அடித்துப் போனது. மைத்துனருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், கூடாரத்தை மறந்துவிடுவார்.

நாகமலை நடையன்
அண்ணே, ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால். இப்போதிருந்தே ஞாயிறு காலைகளில் நம்ம மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் வரை ஏறி இறங்குங்கள், முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களோடு. வெறுங்கையோடு ஏறினால் அது உலாவல்.

யாரும் சொல்லாத ஒன்று: நகம். இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கி, கட்டைவிரல் நகம் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும். சாயங்காலம் பார்த்தால் கறுத்திருக்கும். இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்குமுன் குதிகாலைப் பின்னால் அழுத்திவைத்து, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்குங்கள். பாப்பாவுக்குப் புது ஷூ என்றால் அதைப் போட்டே பள்ளிக்கூடம் போய்ப் பழகட்டும், டீச்சர் விட்டால்!

கீழமாசிவீதிக்காரன்
இருவருக்கும் நன்றி. அன்று அதிகாலை மதுரையிலிருந்து கிளம்பினால் போதுமா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

போடிப் பெரியவர்
முன்தினமே வந்து போடியில் தங்கிவிடுங்கள். தூக்கம் கெட்ட உடம்போடு மலை ஏறக் கூடாது. ஆரப்பாளையத்தில் தேனி பஸ் உண்டு. 2023 முதல் ரயிலும் போடி வரை வருகிறது. சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டுங்கள், தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். வாழையிலையில் கட்டினால் சுமையும் இல்லை, குப்பையும் இல்லை. மைத்துனர் பிளாஸ்டிக் பொட்டலத்தோடு வந்தால், காலி உறையைத் திரும்பச் சுமப்பதும் அவர் பாடு.