புதுப்பிப்பு: புதுக்கோட்டை – சித்தன்னவாசல் – குடுமியான்மலை சைக்கிளில்

28 மி.மீ. அகல ஒல்லி டயர் இந்த வழிக்குத் தாங்குமா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன் அல்லவா? போய் வந்தாச்சு, தாராளமாகத் தாங்கியது. சாலையை விட்டு ஓரத்தில் இறக்கினால்தான் வம்பு. சீமைக் கருவேல முள் டியூபைப் பதம் பார்த்துவிடும்.

சித்தன்னவாசலில் குடைவரைக் கோயில் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பாறை ஏறி ஏழடிப்பட்டம் என்ற குகைக்குப் போங்கள். வழவழவென்று தேய்த்த சமணர் படுக்கைகள், கல்லிலேயே செதுக்கிய தலையணை, ஒரு படுக்கையோரம் தமிழ் பிராமி எழுத்து. கிளீட் ஷூவோடு (பெடலில் மாட்டும் கொக்கி அடியில் உள்ள சைக்கிள் ஷூ) ஏற வேண்டாம், வழுக்கும்.

அப்புறம் அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஏழு பண்களுக்கான ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் உச்சம்.

நார்த்தாமலையையும் சேர்க்கச் சொன்னார் ஒருவர். அது திருச்சி சாலைப் பக்கம். அங்குள்ள விஜயாலய சோழீஸ்வரம் கோயிலை அவசரமாகப் பார்க்க மனமில்லை, தனியாக வைத்துக்கொள்கிறேன்.