பயாலஜி பரீட்சையில் எழுதுவது பொய்யா?

களியக்காவிளை_ரப்பர்:
போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வாலிபர் கூட்டம். பேச வந்த ஊழியர், விஞ்ஞானம் நேற்று சொன்னதை இன்று மாற்றும், வேதம் மாறாது, ஆகவே சத்தியம் இங்கேதான் என்று முடித்தார். பிளஸ் டூ படிக்கும் மகன் வீட்டுக்கு வந்ததும் கேட்டான்: "அப்பா, அப்போ பரிணாமம் பற்றி நான் எழுதுவது பொய்யா?" எனக்குப் பதில் வரவில்லை. சண்டை போட்டாலும் பரவாயில்லை, அவனிடம் சொல்கிற மாதிரி எதையாவது சொல்லுங்கள்.

தக்கலை_நாத்திகன்:
பொய் இல்லை என்று சொல்லுங்கள் அண்ணாச்சி, முடிந்தது. தப்பு தெரிந்தால் மாற்றிக்கொள்வதுதான் விஞ்ஞானத்தின் பலமே. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகக் கலிலியோவைத் திருச்சபை 1633-இல் விசாரித்து வீட்டுக்காவலில் போட்டது. அதில் பிழை நடந்தது என்று போப் இரண்டாம் ஜான் பால் சொன்னது 1992-இல். 359 வருடம்! உங்கள் தொழிலையே பாருங்கள். தட்டில் ரப்பர் பாலை ஊற்றி ஆசிட் விட்டால் உறையும். ஜெபித்தாலும் உறையும், ஜெபிக்காவிட்டாலும் உறையும்.

குழித்துறை_டீச்சர்:
கலிலியோவை இழுக்காமல் உங்களால் ஒரு விவாதமும் தொடங்க முடியாது தம்பி. அந்தக் கலிலியோ சாகும்வரை கத்தோலிக்கர்தான். பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய லெமைத்ர் ஒரு குருவானவர். பெருவெடிப்பு என்கிறார்களே, அதற்கு வித்து அவர் போட்டது. ஆதியாகமத்தின் ஆறு நாளை நம் 24 மணி நேர நாளாக எடுக்க வேண்டியதில்லை என்று பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தினார் டார்வினுக்கு 1400 வருடம் முன்பே எழுதிவிட்டார். அவ்வளவு ஏன், திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளத்துக்காக மகதலேனா மரியாள் கோயிலையே பிஷப் பெரைரா விட்டுக்கொடுக்கவில்லையா? 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் போனது அங்கிருந்துதான்.

தக்கலை_நாத்திகன்:
பிஷப்புக்கு நன்றி. ஆனால் இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய சாராபாய் தும்பாவைத் தேடி வந்தது, பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்தமுள் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, அந்த வழியாகப் போவதால். கோயில் இருந்ததால் இல்லை. மெண்டலும் பட்டாணியை எண்ணித்தான் கண்டுபிடித்தார், ஜெபமாலை மணியை எண்ணி அல்ல டீச்சர்.

பாறசாலை_லேப்:
டீச்சர், நானும் கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் லெமைத்ரை இப்படிச் சாட்சிக்கு இழுப்பது சரியில்லை. 1951-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர், விஞ்ஞானம் படைப்பையே நிரூபிக்கிறது என்கிற தொனியில் பேசினார். அது லெமைத்ருக்குப் பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. அங்கி போட்டவரே வேண்டாம் என்று சொன்ன வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?

எங்கள் லேபில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார்கள். மெஷின் ரிசல்ட்டைப் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், இனி அது மாறாது. போன வருடம் என் சித்தி ஒரு ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று இன்சுலினை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் வெறும் வயிற்றில் சர்க்கரை 412. நானேதான் ரத்தம் எடுத்தேன். திட்ட வாய் வந்தது, திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவருடன் ஜெபித்தேன், அப்புறம் ஊசி போட்டேன். நாத்திகன் தம்பி இதற்குச் சிரிப்பார்.

தக்கலை_நாத்திகன்:
சிரிக்கவில்லை அக்கா. ஆனால் சர்க்கரையைக் குறைத்தது ஊசிதானே?

பாறசாலை_லேப்:
ஊசிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயந்துபோய் இருந்தவரை அடுத்த நாளும் ஊசிக்குக் கையை நீட்ட வைத்தது எது என்றுதான் கேட்கிறேன்.

குழித்துறை_டீச்சர்:
சரி, லெமைத்ர் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் நெய்யூரை மறக்காதீர்கள். ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல் 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவர். லண்டனில் நல்ல வேலை கிடைத்திருக்கும். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆள் போதாமல் நோயாளிகள் காத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டார். என் தாத்தாவுக்குக் குடல்புண் ஆபரேஷன் அங்கேதான். கத்தி பிடித்தது விஞ்ஞானம், ஒத்துக்கொள்கிறேன். ஆளை நெய்யூருக்குக் கொண்டுவந்தது?

தக்கலை_நாத்திகன்:
மனிதாபிமானம் போதாதா? நம்பிக்கை இல்லாத டாக்டர்களும் காட்டுக்குள் போய் வேலை பார்க்கிறார்களே. ஆனாலும் அவருக்கு அது விசுவாசம்தான், அதை நான் மறுக்க முடியாது. ஒருவரை நல்ல வேலை செய்ய வைத்ததனாலேயே அந்த நம்பிக்கை உண்மையாகிவிடாது, அதை மட்டும் விடமாட்டேன்.

களியக்காவிளை_ரப்பர்:
எல்லாவற்றையும் மகனிடம் வாசித்துக் காட்டினேன். அவனுக்குப் பிடித்தது ஆசிட் விஷயம்தான். பாலில் ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரதம் இருக்குமாம், அதன் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்குமாம். ஆசிட் அந்தச் சுமையைப் போக்கியதும் ஒட்டிக்கொள்ளுமாம். இருபது வருடமாக ஊற்றுகிறேன், எனக்கு இன்றுதான் தெரியும். அடுத்த ஞாயிறு ஊழியரிடம் அவனே எழுந்து கேட்கப் போகிறானாம். அவன் அம்மாவுக்கு இப்போதே பயம். மழை இருட்டுகிறது, ஷீட் எடுத்துவிட்டு வருகிறேன்.