அமெரிக்க ராக் குழு கிஸ் பாடகர் ஜீன் சிம்மன்ஸின் பேய் வேஷம்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல்_பையன்
2001, பிளாக் மெட்டல் என்ற கடும் ராக் இசை கேட்டாலே பேய் வழிபாடு என்ற பயம் மலேசியா எங்கும் பரவியிருந்த நேரம், உங்களுக்கே தெரியும். நான் படிவம் 4. கோப்புக்குள் ஜீன் படம் வைத்திருந்தேன், கண்ணைச் சுற்றி வௌவால் இறக்கை மாதிரி கறுப்பு, நாக்கு வெளியே. பையைச் சோதித்த கட்டொழுங்கு ஆசிரியர் அதை உருவி, வகுப்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "இதைத்தான் வீட்ல கும்பிடுறியா?" என்றார். நான்காகக் கிழித்தார். நாக்கு இருந்த துண்டு என் வெள்ளைச் சப்பாத்து மேல் வந்து விழுந்தது. கிஸ் தொடங்குவதற்கு முன் ஜீன் நியூயார்க் ஹார்லெமில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர், குடிப்பழக்கமே இல்லாதவர். இது எனக்கு அன்றே தெரியும். "சார், அவரும் வாத்தியார்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆயர்_ஈத்தாம்
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் தலைப்பு தப்பு. கிஸ் பாடகர் என்றால் முதலில் பால் ஸ்டான்லி, கண்ணில் நட்சத்திரம் வரைந்தவர். ஜீன் பேஸ் கிட்டார், பாடுவதில் அவருக்கும் பங்கு உண்டு, அவ்வளவுதான். நாக்கை நீட்டியதால் எல்லோருக்கும் அவர் முகம் மட்டுமே நினைவில் நிற்கிறது.
1983 செப்டம்பரில் எம்டிவி இசைத் தொலைக்காட்சியில் முகச் சாயத்தைக் கழுவிவிட்டு வந்தார்களே, அந்தப் படத்தை பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் ஒரு பழைய பத்திரிகையில் பார்த்தேன். கட்டைவிரலால் ஒவ்வொரு முகமாக மறைத்து மறைத்துப் பார்த்து, ஒருவரைக் காட்டி, "இவர்தான் பூனை" என்று என் தம்பியிடம் சத்தியமே செய்தேன். பூனை வேஷக்காரர் பீட்டர் கிறிஸ் 1980லேயே விலகிவிட்டார். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா
அண்ணன் மகனுக்கு அலுவலக ஆண்டு விருந்துக்காக நான்தான் ஜீன் வேஷம் போட்டுவிட்டேன். மேடை ஏறுவதற்குள் கறுப்பு வெள்ளையில் இறங்கி முகமே சாம்பலாகிவிட்டது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.
யாராவது போடுவதாக இருந்தால் கேளுங்கள். வெள்ளையை மெலிதாகப் பூசி, பவுடரை ஒற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மீதியைத் தூரிகையால் தட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் கறுப்பு. கறுப்புக்கு மேலும் பவுடர். நம் ஊர் புழுக்கத்துக்கு அவசரப்பட்டால் வழியும். கலைக்கும்போது முதலில் தேங்காய் எண்ணெய், பிறகுதான் சோப்பு. வாயில் மண்ணெண்ணெய் வைத்து நெருப்பு ஊதுவது வேண்டவே வேண்டாம். 1973 டிசம்பர் 31 அன்று நியூயார்க் மேடையில் ஜீனுக்கே தலைமுடி பற்றிக்கொண்டது. செந்தூல் தம்பி, அந்த வாத்தியார் இருந்தால் போய்ப் பேசிவிடுங்கள், மனசு ஆறும்.

செந்தூல்_பையன்
அக்கா, போன மாதம் சந்தையில் பார்த்தேன். கெம்போங் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தார், கை நடுங்கியது. "வணக்கம் சார்" என்றேன். "எந்த வருஷம்பா?" என்று கேட்டார். 2001 என்றேன். தலையாட்டிவிட்டு மீன் பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.